ஒரு பிடி கல்லுப்பு

அத்தியாயம் 11

ஆரோக்கியசெல்வியைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் அந்தத் தெருவே சண்டைக்கு வரும். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்கு அவள் அடுப்பிலிருந்துதான் போகும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் மணி அடிக்கும்போதே முன்வரிசையில் முட்டிபோட்டிருப்பாள். தம்பி பெண்டாட்டி மேரிசெல்வி செத்த அன்றைக்கு அந்த வீட்டு அடுப்பங்கரையில் நுழைந்தவள், தனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பற்றி யோசிக்காமல் அங்கேயே நின்றுவிட்டாள். இவ்வளவும் நிஜம். இவ்வளவும் நிஜமாக இருந்தும் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் காலையில் அவள் அதைச் செய்தாள்.

நடுவில் ஒரு வாரம் விட்டவர்களுக்காக நாலு வரி. உப்பள மேஸ்திரி அந்தோணிராஜ், மேரிசெல்வி போன பிறகு, பிரம்மதேசத்துக் கலைமதியை இந்த ஆவணியில் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தான். மூத்தவளின் மகள் பிரியங்காவுக்குப் பதினாலு வயது. புதிதாக வந்தவளை அவள் சித்தி என்றும் கூப்பிடவில்லை, ஆன்ட்டி என்றும் கூப்பிடவில்லை. அவள் இருக்கிற அறையில் இவள் இருக்கமாட்டாள். போன வாரம் கலைமதி, யாரையும் கேட்காமல் மேரிசெல்வியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பழைய செய்தித்தாளில் சுற்றி, பாதி தைத்த தேவதை ஒன்று உள்ளே இருந்தது.

அது என்ன தேவதை என்று சொல்லிவிடுகிறேன்.

மேரிசெல்வி கல்யாணத்துக்கு முன்னால் பொம்மையார்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் வேலைக்கு இருந்தவள். அந்தம்மாவிடம் கற்றுக்கொண்ட பொழுதுபோக்கு அது. கட்டம் கட்டமாக ஓட்டை விட்ட கெட்டித் துணியில் படம் வரைந்து, ஓட்டைக்கு ஓட்டை உல்லன் நூலைக் கோத்து, துணியே தெரியாதபடி நிரப்ப வேண்டும். பிறகு ஓரத்தை மடித்து, பின்னால் வெல்வெட் வைத்து, உள்ளே பஞ்சு திணித்து, சுற்றிலும் முறுக்குக் கயிறு பிடித்து, தொங்கவிட ஒரு காதும் வைத்துவிட்டால் கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுகிற பொம்மை தயார். வெள்ளைக்காரம்மா அதற்கு என்னவோ ஒரு பேர் சொன்னாளாம். இந்த வீட்டில் அதற்குக் கட்டத்துணி வேலை என்று பேர்.

பிரியங்கா பிறந்ததிலிருந்து வருடத்துக்கு ஒன்று. மணி, நட்சத்திரம், ஆட்டுக்குட்டி, ஒரு வருடம் உப்பு லாரிகூட. பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பேப்பரில் சுற்றிக் கொடுப்பாள். அதுவரை யார் கண்ணிலும் காட்டமாட்டாள். பிள்ளை பிரித்துப் பார்த்துவிட்டுத் தன் கையால் சவுக்குக் கிளையின் உச்சியில் மாட்டும். கடைசி வருடம் தேவதை. முகத்தையும் ஒரு சிறகையும் தைத்தாள். அதற்குமேல் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அந்த வருடத்திலிருந்து வீட்டில் மரமும் வைக்கவில்லை.

இந்த வருடம்தான் அந்தோணிராஜ், "மரம் வெக்கலாம்க்கா" என்று வாய் திறந்தான்.

அன்றைக்குக் காலையில் அவன் சவுக்குக் கிளை வெட்டிக்கொண்டு வரக் கூனிமேட்டுப் பக்கம் போயிருந்தான். மழைக்காலம். உப்பளமெல்லாம் தண்ணீர் நிற்கிறது. மேட்டில் குவித்த உப்பைப் பனையோலை போட்டு மூடிவிட்டு மேஸ்திரியும் ஆட்களும் சும்மா இருக்கிற மாதம். ஆரோக்கியசெல்வி அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, தல பின்னி வுடுங்க" என்று பிரியங்கா வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"இருடி, கை மாவா இருக்குது. கழுவிட்டு வரேன்."

அச்சை எண்ணெயிலிருந்து எடுத்து, கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் பிரியங்கா கூடத்தில் கலைமதியின் காலடியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்திருந்தாள். கலைமதி வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இறுக்கமா போடுங்க" என்றாள் பிரியங்கா.

அந்தப் பெண் கலைமதியிடம் பேசிய முதல் பேச்சு அது. அதிலும் ஒரு 'ங்க'. மேரிசெல்வி போன அன்றிலிருந்து அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்ததும், பேன் பார்த்ததும், அழுத ராத்திரிகளில் தடவிக் கொடுத்ததும் ஆரோக்கியசெல்வியின் கை. வயிற்றில் பெறவில்லையே தவிர அது தன் பிள்ளை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நினைத்திருந்தாள் என்ன, வேறு எதையும் அவள் நினைக்கவில்லை. நேற்று வந்தவள் ஒரு சீப்பைக் கையில் எடுத்ததும் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

எண்ணெயில் விட்டு வந்த அச்சு முறுக்கு கருகியது. அவள் போய் அதை எடுத்துக் கொல்லையில் தூரக் கொட்டினாள். இவள் இந்த வீட்டில் நிலைத்துவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை என்று முதல்முறையாகப் பயந்தாள்.

சடை பின்னி முடித்த சந்தோஷத்தில் கலைமதி கொல்லைப்பக்கம் ஓடிவந்தாள். பெண்ணுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். திண்டிவனத்தில் ஒரு பிளவுஸ் கடையில் ஆரி வேலை செய்துகொண்டிருந்தவள் அவள். துணியும் நூலும் தவிர உலகத்தில் எதையும் நம்பித் தொடமாட்டாள். முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்து நாத்தனார் கையில் வைத்தாள்.

"முடிச்சிட்டேன் அண்ணி. யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டுந்தான்."

உள்ளங்கை அளவுத் தேவதை. முகமும் இடது சிறகும் மேரிசெல்வி போட்டது. வலது சிறகும் கவுனும் இவள் போட்டது. எங்கே அவள் கை நின்றது, எங்கே இவள் கை தொடங்கியது என்று ஆரோக்கியசெல்வியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிடிக்காதவர்களின் வேலை நன்றாக இருந்துவிட்டால் அதைவிடக் கஷ்டம் இல்லை.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

"கோணிக்கினு நிக்குது பாருங்க. எல்லாத் தையலும் ஒரே பக்கமா சாயுறதால துணியும் இழுத்துக்குது. வீடியோவுல பாத்தேன். ஈரம் பண்ணி, பலகையில வெச்சு நாலு பக்கமும் இழுத்து ஆணி அடிச்சுக் காய வெச்சா நேரா வந்துடுமாம். சின்னதுதான, மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். சாயங்காலம் பேப்பர்ல சுத்தி பிரியா கையில குடுத்துடலாம்."

"ம்."

"ஒரே ஒரு பயம் அண்ணி. கவுனுக்குப் போட்டது பாண்டிச்சேரியில வாங்கின புது சிவப்பு. சாயம் எறங்கி முகத்துல ஏறிட்டா? அதான் மொதல்ல உப்புத் தண்ணியில போட்டு எடுத்துடலாம்னு. கடையில எந்தப் புதுத் துணி வந்தாலும் அப்டித்தான் பண்ணுவோம்."

மரக்காணத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? பாவாடை வாங்கினாலும் பெட்ஷீட் வாங்கினாலும் முதலில் உப்புத் தண்ணீரில்தான் முக்குவார்கள். உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தும்.

ஆனால் ஆரோக்கியசெல்விக்கு இன்னொன்றும் தெரியும். மேரிசெல்வி தன் கட்டத்துணி வேலை எதையும் ஈரமாக்கியதில்லை. பலகையில் ஆணி அடித்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்து, வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவாள். வெள்ளைக்காரம்மா கொடுத்த அழியாத பேனா எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. அந்தத் தேவதையை அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கலர் அடிக்கிற நீல ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தாள். கண்ணும் உதடும் அந்த மையில் போட்டு, அதன்மேல்தான் நூலை நிரப்பினாள். "இதுல தண்ணி மட்டும் பட்டுறக் கூடாது அண்ணி. பட்டா மொத்தமும் போச்சு" என்று கட்டிலில் படுத்தபடி சொன்னாள். கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் ஆரோக்கியசெல்வி.

"அண்ணி, துணியில நீலமா கோடு இருந்துச்சே, அக்கா போட்டது. அது ஒன்னும் பண்ணாதில்ல?" என்று கலைமதி கேட்டாள்.

கேட்டேவிட்டாள். கடவுள் இதைவிட நல்ல வாய்ப்பை யாருக்கும் கொடுக்கமாட்டார்.

"மேரி போட்டது" என்றாள் ஆரோக்கியசெல்வி. "அவ வேலையில என்னிக்குமே கொற வந்ததில்ல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொல்ல நினைத்தேன், நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அதற்குள் அவள் தொட்டியை எடுத்துவிட்டாள் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாக்கு நுனிக்கெல்லாம் வரவில்லை. நான் சொல்கிறேன்.

கலைமதி பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்தாள். தூளுப்பு டப்பாவை எடுக்கப் போனவளை ஆரோக்கியசெல்வி நிறுத்தினாள்.

"அதுல எதுக்கு? கல்லுப்புத்தான் சாயத்தப் புடிக்கும். நான் கொண்டாரேன், இரு."

கொட்டகைக்குப் போய் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிவந்து தன் கையாலேயே தண்ணீரில் போட்டாள்.

"போதுங்களா அண்ணி?"

"இன்னொரு பிடி போடலாம். நம்ம ஊர்ல உப்புக்கா பஞ்சம்."

மறுபடி போய் அள்ளிவந்து இன்னொரு பிடியும் தானே போட்டாள். கலைமதி தேவதையை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீருக்குள் விட்டாள். அது கொஞ்ச நேரம் மிதந்து பிறகு அமிழ்ந்தது. ஆரோக்கியசெல்வி உள்ளே போய் மறுபடியும் அச்சை எண்ணெயில் வைத்தாள்.

அந்தோணிராஜின் பைக் சத்தம் கேட்டபோது சாமான் கழுவிக்கொண்டிருந்த கலைமதி தொட்டிப் பக்கம் போனாள். அவள் கத்தவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை என்பதால்தான் அந்தோணிராஜ் சவுக்குக் கிளையைத் தோளில் வைத்தபடியே கொல்லைக்கு வந்தான்.

அவள் உள்ளங்கையில் தேவதை சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணும் கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தன. உதட்டிலிருந்து தாடை வரை நீலம். ரோஸ் நூலில் அடி வாங்கினவள் முகம் போல் திட்டுத் திட்டாக இருந்தது. மேரிசெல்வி போட்ட வெள்ளைச் சிறகிலும் நீலம் ஓடியிருந்தது. கலைமதி போட்ட சிவப்பு மட்டும் ஒரு சொட்டு இறங்கவில்லை. உப்பு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

"என்னா இது?" என்றான் அந்தோணிராஜ்.

ஆரோக்கியசெல்வி கொல்லை வாசல்படியில் வந்து நின்றாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"மாதாவே. அத எதுக்கும்மா தண்ணியில போட்ட?"

கலைமதி நிமிர்ந்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். அடியில் கரையாத உப்புக் கல் இரண்டு கிடந்தது. மறுபடி நாத்தனாரைப் பார்த்தாள். ஆரோக்கியசெல்வி கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியல" என்றாள் கலைமதி, புருஷனிடம். "நானாத்தான் போட்டேன்."

"யாரக் கேட்டு அந்தப் பொட்டியத் தொறந்த?"

"பிரியாவுக்குத்தாங்க. ஒவ்வொரு வருசமும் அவங்க குடுப்பாங்களாமே. பாதியில நின்னுபோச்சேன்னு..."

"பாதியில நின்னா நிக்கட்டும். ஒன்ன முடிச்சிக் குடுன்னு யாரு கூப்ட்டா?" அந்தோணிராஜ் சாதாரணமாகக் குரல் உயர்த்துகிற ஆளில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "எம் பொண்டாட்டி கை கடைசியா பட்டது இதுலதான். அதையும் கழுவிட்ட."

கலைமதி அவனையே பார்த்தாள்.

"அப்ப நான் யாருங்க?" என்று கேட்டாள்.

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் கிளையைச் சுவரில் சாய்த்து வைத்தான். கையிலிருந்த பட்டைத் தூசியைத் தட்டினான்.

மாடிப்படியில் பிரியங்கா இறங்கி வந்தாள். கையில் போன் இருந்தது. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கலைமதியின் கையிலிருந்து தேவதையை எடுத்து, தண்ணீரைப் பிழியாமல் மெல்ல ஒற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"மொகம் எங்கம்மா போட்டது. கவுன் இவங்க போட்டது" என்றாள். "எது அழிஞ்சிருக்குது, எது நிக்குதுன்னு பாருப்பா."

காலையில் பின்னிய சடை அவள் முதுகில் இறுக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கலைமதி அந்தச் சடையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"நீ ஊருக்குப் போய்ட்டு வா" என்றான் அந்தோணிராஜ். "பண்டிக முடியற வரைக்கும் அங்க இரு. நானே வந்து கூப்டுறேன்."

"ஏம்பா, நாளும் கெழமையுமா அவள அனுப்பினா ஊரு என்னா பேசும்" என்று ஆரோக்கியசெல்வி சொன்னாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். அதில் ஒரு வேகமும் இல்லை என்பது அவளுக்கே கேட்டது.

"பேசட்டும்க்கா."

கலைமதி ஒரு பையில் இரண்டு புடவையை வைத்தாள். ஆரோக்கியசெல்வி ஒரு டப்பாவில் அச்சு முறுக்கு அடுக்கிக் கொடுத்தாள். கருகாத ஈடாகப் பார்த்துத்தான் எடுத்தாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கலைமதி சன்னமாகக் கேட்டாள்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியாதில்ல?"

"எனக்கு என்னம்மா தெரியும்? ஊசியில நூலு கோக்கவே எனக்குக் கண்ணு தெரியாது."

"ஆமா. உங்களுக்கு எப்டித் தெரியும்." நம்பினாளா, நம்பவில்லையா என்று முகத்தில் எழுதி ஒட்டவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். பின்பக்கம் வைக்க வெட்டிவைத்த வெல்வெட்டும், பொன் நிறத்தில் அவளே முறுக்கிய கயிறும். "பிரியா கேட்டா குடுங்க. கேக்கலைன்னா தூக்கிப் போட்டுருங்க."

திண்டிவனம் பஸ் ஏற்றிவிட யாரும் போகவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம், புருஷன் இல்லாமல், கையில் பையோடு பிரம்மதேசத்தில் இறங்கினால் அவள் அப்பா பலராமன் என்ன கேட்பார், அக்கம்பக்கம் என்ன கேட்கும் என்பதெல்லாம் ஆரோக்கியசெல்விக்குத் தெரியாததல்ல. நன்றாகவே தெரியும். ஜன்னல் வழியாக அவள் தலை மறைகிற வரை பார்த்துவிட்டு, வீட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வாயில் ஒரு மாதா பாட்டு வந்தது.

மத்தியானம் பூராவும் பிரியங்கா கூடத்தின் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியசெல்வி காபி கொண்டுபோனபோதுதான் அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்தது. மாடி வெயிலில் காய்ந்த தேவதைக்கு ஓரம் மடித்து, வெல்வெட் வைத்து, மறைதையல் போட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி ஊசிமுனையால் சிறகுக்குள் தள்ளினாள். பக்கத்தில் கலைமதியின் பொட்டலம் பிரிந்து கிடந்தது. கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"இதெல்லாம் யாருடி சொல்லிக்குடுத்தது?"

"அம்மா."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க கேக்கலையே" என்றாள் பிரியங்கா. காபியை வாங்கிக் கீழே வைத்தாள்.

சாயங்காலம் வாளியில் கடல்மணல் நிரப்பிச் சவுக்குக் கிளையை நிறுத்தினார்கள். மணி, நட்சத்திரம், ஆட்டுக்குட்டி, உப்பு லாரி எல்லாம் ஏறின. பிரியங்கா ஸ்டூலில் ஏறித் தேவதையை உச்சியில் மாட்டினாள். பொன் கயிறு அழகாக வளைந்து நின்றது. நடுவில் நீலம் பூத்த அந்த முகம். காய்ந்த உப்பு நூலுக்கு நூல் வெள்ளையாகப் படிந்து சீரியல் லைட்டில் மினுங்கியது.

அந்தோணிராஜ் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். வாசலில் ஸ்டார் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

"அத வேணாம்னு எடுத்துறலாம் கண்ணு. பாக்கவே வவுறு பத்துது" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"இருக்கட்டும். வருசா வருசம் அங்கதான் இருக்கணும்."

பிள்ளைக்கு எவ்வளவு ஆங்காரம் பார் என்று ஆரோக்கியசெல்விக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இனிமேல் கலைமதி திரும்பி வந்தாலும் ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்த முகம் அவளைப் பார்க்கும். சீப்பையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

"வா, ராத்திரி பூசைக்கு நல்லாப் பின்னி வுடுறேன். இனிமே நீயும் நானுந்தான்."

"வேணாம் அத்தை. காலையில போட்டதே கலையல. அவங்க போட்டா இறுக்கமா நிக்குது."

அதற்காகத்தான் அவளிடம் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே இல்லை. ஆரோக்கியசெல்வியின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

பிரியங்கா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. தேவதையின் கன்னத்தை விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு பிடி போட்டீங்க இல்ல?" என்றாள்.

"என்னாது?"

"உப்பு. மாடியில டவர் கெடைக்கும்னு நின்னுக்கினு இருந்தேன். அங்கேர்ந்து பாத்தா கொல்ல பூரா தெரியும்."

"அவ கேட்டா, குடுத்தேன். எனக்கு என்னா தெரியும்டி இதப் பத்தி?"

"தெரியும். தண்ணி படக்கூடாதுன்னு அம்மா ஒங்ககிட்ட சொன்னப்ப நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில உக்காந்து ஹோம்ஒர்க் பண்ணிக்கினு இருந்தேன். அது என்னோட ஸ்கெட்ச் பேனா அத்தை."

வெளியே ஏணியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. மாடியிலிருந்து பார்த்தேன் என்று பிள்ளை சொன்னதை ஆரோக்கியசெல்வி ஒரு வழி கிடைத்தாற்போல் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீ ஏண்டி மேலேர்ந்து ஒரு கொரல் குடுக்கல? ஒங்கம்மா போட்ட மொகமில்லையா அது?"

பிரியங்கா யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கவில்லை. சரியாகச் சொல்ல யோசித்தாள்.

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றாள். "நீங்க ஒன்னும் சொல்லாம உப்பு எடுக்கப் போனீங்க. அப்ப எனக்கும் சொல்ல வேணாம்னு தோணிச்சு. எங்கம்மா வுட்டத அவங்க முடிக்கக் கூடாது. அதுக்கு மொகம் போனாலும் பரவால்லன்னு தோணிச்சு."

குரல் கடைசியில் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். பதினாலு வயதுப் பிள்ளையின் முகத்தில் ஆரோக்கியசெல்வி தன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் எண்ணெய் வைத்து, சோறு ஊட்டி, ஜெபம் சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளை. வேறு எதைச் சொல்லிக்கொடுத்தோமோ என்று பயமாக இருந்தது.

"கண்ணு, நான் எதுக்குப் பண்ணேன்னு ஒனக்குத் தெரியாது. ஒன்ன யாரும் எங்கிட்டேர்ந்து..."

"தெரியும் அத்தை. அதான் சொல்றேன்." பிரியங்கா ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து எதிரில் நின்றாள். "வர்ற வருசம் பத்தாவதுக்கு என்ன பாண்டிச்சேரியில ஹாஸ்டல்ல சேக்கணும். நான் கேட்டா அப்பா வுடாது. நீங்க சொன்னா கேக்கும். நீங்கதான் சொல்லணும். இன்னிக்கே."

"என்ன வுட்டுட்டுப் போறேன்றியா?"

"ஒங்களையுந்தான்."

கை நீட்டி அவளைப் பிடிக்கப் போனாள் ஆரோக்கியசெல்வி. பிரியங்கா பின்னால் நகரவில்லை. நகராமல், பிடிக்கவும் விடாமல், மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து எடுத்துக் கீழே விட்டாள்.

"சொல்லலன்னா, உப்பு கொண்டாந்தது யாருன்னு நான் சொல்லிடுவேன். அவங்க சொல்ல மாட்டாங்க. நான் சொல்வேன்."

வாசலில் ஸ்டார் எரிந்தது. அந்தோணிராஜ் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். அவன் கண் மரத்தின் உச்சிக்குப் போகவில்லை. அக்காவின் முகத்துக்கு வந்தது.

"என்னக்கா, ஒரு மாதிரி இருக்கற? ஒடம்பு சரியில்லையா?"

"அத்தை ஒன்கிட்ட ஒன்னு சொல்லணுமாம்ப்பா" என்றாள் பிரியங்கா. அப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தானும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்வதற்கு ஆரோக்கியசெல்வியிடம் இரண்டு இருந்தது. ஹாஸ்டல் என்று சொன்னால் பிள்ளை போய்விடுவாள். உப்பு என்று சொன்னால் இவள் போக வேண்டும். எதைச் சொன்னாலும் காலையில் எந்தத் தலைக்காக அத்தனையும் செய்தாளோ, அந்தத் தலையில் இனி அவள் கை படாது.

"சொல்லுக்கா" என்றான் தம்பி.

அவள் வாயைத் திறந்தாள்.